கூட்டத்தைப் பார்த்து நீ பயப்படவில்லை

தம்பி, என் காலைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. கால் கூடிவருகிறது. மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று மாயவரத்து டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் அக்கா என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. இந்தக் கட்டு மட்டும் இல்லாதிருந்தால் இன்று காலை முதல் பஸ்ஸிலேயே வந்து உன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். வர முடியாததால் எழுதுகிறேன். அதுவும் நல்லதற்குத்தான் என்று தோன்றுகிறது. நேரில் வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பேன். பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்துவருகிறேன்.

என் மருமகள் மலர் போட்ட கடிதம் முந்தாநாள் வந்தது. நிலத்து முதலாளியின் பிள்ளைகள் நிலத்தை விற்க ஏற்பாடு செய்திருப்பதும், வாங்க வருகிறவர், குத்தகைக்கு உழுகிற நம் ஊர் உழவடைக்காரர்கள் பதினொரு குடும்பமும் தாங்களாகவே சாகுபடியை விட்டுவிட்டதாக மனு கொடுத்திருப்பதும், வியாழக்கிழமை மன்னார்குடியில் ஆர்.டி.ஓ. முன்னால் விசாரணை என்பதும் அதில் இருந்தது. பதினொரு வீட்டுக்காரர்களும் கூடி, எல்லோருக்குமாக நீதான் பேச வேண்டும் என்று கேட்டார்களாம். எந்த வருஷம் எந்த வயலில் யார் என்ன நட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறவன் ஊரில் நீ ஒருவன்தான். நீ முடியாது என்றாயாம். மலர் காரணம் கேட்டதற்கு, "அன்னைக்கு மாதிரி ஆயிடும். பயந்து விழுந்துடுவேன். பதினோரு வீட்டுச் சோத்தையும் நான் ஒருத்தன் கெடுக்கணுமா?" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டாயாம்.

அந்த வரியைப் படித்ததும் உன் அக்காவிடம் தாளும் பேனாவும் கேட்டேன். அன்றைக்குத் தாலுகா ஆபீஸில் நீ விழுந்தாயே, அது பயத்தால் இல்லை தம்பி. நீ பயப்படவே இல்லை. நீ விழுந்ததற்கு நான் காரணம். எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி. மலரும் படிக்கட்டும். அந்தப் பதினொரு வீட்டுக்காரர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உனக்கு முதல் தடவை வலிப்பு வந்தது ஏழு வயதில். சம்பா நடவு. நான் வயலுக்குள் இருந்தேன், நீ வரப்பில் உட்கார்ந்து நாற்று முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாய். எண்ணுகிற சத்தம் நின்றது. திரும்பினேன், நீ சேற்றில் கிடந்து வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தாய். நடவுக்கு வந்த பெண்கள் ஓடிவந்து உன் கையில் அரிவாளைத் திணித்தார்கள். இரும்பு பிடித்தால் நின்றுவிடும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். தானாக நின்றதை அரிவாள் நிறுத்தியது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு அலையாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. உன் வலது கணுக்காலில் இருக்கும் தழும்பு சின்ன வயதில் விளக்கு சாய்ந்து சுட்டது என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். சூடு வைத்தால் வலிப்பு ஓடிப்போகும் என்று ஒருவர் சொன்னார். நான்தான் உன் காலைப் பிடித்துக்கொண்டேன். நீ என்னைப் பார்த்து அழுதாய். அவரைப் பார்த்து அழவில்லை.

பெரிய வலிப்பை எல்லோரும் பார்த்தார்கள். சின்னதை யாரும் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே இருப்பாய், பாதியில் நின்றுவிடும். கண் திறந்திருக்கும், ஆனால் நீ அங்கே இருக்கமாட்டாய். பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்துவிடுவாய். அதை நான் திமிர் என்று நினைத்தேன். ஒரு நாள் கடைக்கு என்ன வாங்க வேண்டும் என்று உன்னிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போதும் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கன்னத்தில் அறைந்துவிட்டேன். நீ தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி விழித்து, "எதுக்கும்மா அடிச்சே?" என்று கேட்டாய். உண்மையாகவே உனக்குத் தெரியவில்லை. உன் அப்பா வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை. அதைக் கீழே போட்டுவிட்டு வந்து, "நாளைக்குத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். நான் கோயிலுக்கு நேர்ந்திருப்பதைச் சொன்னேன். "நேர்ந்துக்க. ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றார். அவர் இல்லாவிட்டால் நீ இன்னும் எத்தனை வருஷம் கயிறு கட்டிக்கொண்டு அலைந்திருப்பாயோ.

அங்கே ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. வாரம் ஒன்று வந்தது, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஆனது. ஆனால் எனக்கு வேறு பிள்ளை வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னவன் நாலாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றாய். படித்த பக்கத்தையே மறுபடி படித்தாய். வகுப்பில் தூங்கி விழுந்தாய், தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பையனை, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அவன் அம்மா வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொன்னாள். நீ அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி அக்கா மேல் எறிந்தாய். அவள் நெற்றி கிழிந்தது. அடுத்த நிமிஷம் நீயே அவள் மடியில் தலையை வைத்து, "ஏன் எறிஞ்சேன்னு தெரியலக்கா" என்று தேம்பினாய். கோபம் எங்கிருந்தோ வந்தது, அடுத்த நிமிஷம் போய்விட்டது. பழி மட்டும் உன் தலையில் நின்றது. கொஞ்ச நாளில் யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லப் பழகினாய். தெரிந்ததைக்கூட. தெரியாது என்று சொன்னால் மேலே யாரும் கேட்பதில்லை என்பதைக் கண்டுபிடித்திருந்தாய்.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லி அழுதேன். அவர்கள் கோபப்படவில்லை. "மூளையில வர்ற அந்தக் கோளாறே மறதியையும் கோபத்தையும் கொண்டுவரும். மாத்திரையும் மந்தமாக்கும். வீட்லயும் பள்ளிக்கூடத்துலயும் படற பயமும் கூச்சமும் ஒரு பக்கம். மூணுல எது எவ்வளவுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியாதும்மா. புள்ள மக்கு இல்ல. யோசிக்க அவனுக்கு நேரம் வேணும், அவ்வளவுதான். நீங்க அவனுக்குப் பதிலாப் பேசறதை நிறுத்துங்க" என்றார்கள். நான் எழுந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்து இன்னொன்றும் சொன்னார்கள். "ஒண்ணே ஒண்ணு. என்ன ஆனாலும் மாத்திரையை நீங்களாத் திடீர்னு நிறுத்திடாதீங்க. நிறுத்தினா பழையதைவிட மோசமா வரும்." இந்த வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. எட்டாவது வரை படித்தவள் நான். நன்றாகப் புரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

உனக்குப் பதின்மூன்று வயதில் அப்பா காமாலையில் போனார். நீ காரியத்துக்கு மொட்டை போட்டுக்கொண்ட மறுவாரம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினாய். நான் விடவில்லை. வாய்க்காலில் விழுந்துவிடுவாய், யாரும் இல்லாத நேரத்தில் வந்துவிடும் என்று கத்தினேன். நீ கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் வரப்பில் உன் பின்னாலேயே நடந்தேன். உழவுக்கு மட்டும் பக்கத்து வயல்காரர் மாட்டோடு வருவார், அதற்குப் பதில் அவருக்கு நாம் இரண்டு பேரும் நடவு நட்டுக் கொடுப்போம். மற்றதெல்லாம் நீதான். மடை திறந்தது, வரப்பு வெட்டியது, நாற்று அழுகிய இடத்தில் மறுபடி நட்டது எல்லாம். மறந்துபோகும் என்பதால் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைக்குச் செய்ததை எழுத ஆரம்பித்தாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நீயாகச் செய்தாய். வருஷத்துக்கு ஒரு கட்டு, நூலால் கட்டிப் பரணில் வைத்தாய்.

அடுத்த ஐப்பசியில் வெள்ளம் வந்து மூன்று நாள் பஸ் ஓடவில்லை. மாத்திரை தீர்ந்துபோயிற்று. மூன்றாம் நாள் காலையில் நீ எழுந்து வந்து அக்காவைக் கேலி செய்தாய். பழைய மாதிரி. அவள் கணக்கு நோட்டை வாங்கி அவளுக்கே தப்பைச் சொன்னாய். கண் பளிச்சென்று இருந்தது. நான் அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில். என் பிள்ளை உள்ளேதான் இருக்கிறான், மாத்திரைதான் அவனை மூடி வைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். தண்ணீர் வடிந்ததும் மாத்திரை வந்தது, நீ மறுபடி மந்தமானாய். நல்லவேளையாக அந்தத் தடவை ஒன்றும் ஆகவில்லை. அந்த நல்லவேளைதான் பிறகு என்னைக் கெடுத்தது.

அது எப்படிப்பட்ட காலம் என்று உனக்கும் கொஞ்சம் தெரியும். கூலி கேட்டு ஒரு பக்கம் போராட்டம், அறுவடைக்குப் போலீஸ் காவல். புது ஆட்சி வந்து, குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அதனால் ஏறுவதற்கு முன்னாலேயே ஆட்களைக் கிளப்பப் பார்த்தார்கள். நம் ஏழு மா நிலத்துக்கும் முதலாளியின் காரியக்காரர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். குத்தகைக்காரர் செத்துப்போனார், சம்சாரம் கூலிக்கு நடவு நடுகிற பெண்பிள்ளை, பையன் வலிப்புக்காரன், புத்தி மந்தம், அந்தக் குடும்பத்தில் உடலுழைப்புப் போட்டுச் சாகுபடி செய்ய ஆளே இல்லை என்று எழுதியிருந்தார். நான் நட்டதும் களை எடுத்ததும் கூலி வேலை, அது சாகுபடி ஆகாது என்பது அவர் வாதம். மன்னார்குடி தாலுகா ஆபீஸில் விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. தாசில்தார் உன்னையே கேள்வி கேட்பார் என்று சொன்னார்கள். உனக்குப் பதினைந்து வயது.

நீ "தெரியாது" என்று சொல்லிவிடுவாயே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளத்தின்போது பார்த்த அந்த முகத்தோடு உன்னைத் தாசில்தார் முன்னால் நிறுத்தினால் போதும் என்று நினைத்தேன். விசாரணைக்கு ஐந்து நாள் முன்னால் மாத்திரையை நிறுத்தினேன். நீ கேட்டாய். "டாக்டரம்மா இந்த வாரம் வேண்டாம்னுட்டாங்க" என்று சொன்னேன். நீ நம்பினாய். நாலாம் நாளிலிருந்து தெளிவாக இருந்தாய். விசாரணை அன்று பஸ்ஸில் மன்னார்குடி வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாய். எந்த ஊரில் நடவு முடிந்திருக்கிறது, எங்கே பயிர் பழுத்திருக்கிறது என்று ஜன்னலில் காட்டிக்கொண்டு வந்தாய். உன் அப்பாவின் வெள்ளைச் சட்டையைக் கைமடித்துப் போட்டிருந்தாய். இறங்கும்போது, "அம்மா, நீ கவலைப்படாதே. நான் சொல்லிக்கிறேன்" என்று என்னிடம் சொன்னாய். இதை நன்றாகப் படி தம்பி. பயந்தவன் அப்படிச் சொல்வானா?

தாலுகா ஆபீஸ் தாழ்வாரத்தில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ ஒரு அடி எடுத்து வைத்தாய். தலை ஒரு பக்கம் திரும்பியது, ஒரு சத்தம் வந்தது, அப்படியே பின்னால் சாய்ந்தாய். ஒன்று நின்று நீ கண் திறப்பதற்குள் அடுத்தது வந்தது. நாக்கைக் கடித்து, வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். ஜனம் விலகி வட்டமாக நின்றது. யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். காரியக்காரர் உள்ளே பார்த்து, "இதைத்தாங்கய்யா நாங்க எழுதிக் குடுத்தோம். இந்தப் புள்ளையா வெள்ளாமை பாக்குது?" என்று சொன்னது எனக்குக் கேட்டது. தாசில்தார் எழுந்து வெளியே வந்து பார்த்தார். ஜீப்பைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விசாரணையை ஒத்திவைத்தார்.

மூன்றாவதும் வந்தது. ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அங்கிருந்த டாக்டர் என்னிடம் கேட்டார், மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று. "குடுத்தேங்க" என்றேன். ஒரு நாள்கூட விடவில்லையே என்று மறுபடி கேட்டார். "இல்லிங்க" என்றேன். மறுநாள் உன் மாமா பார்க்க வந்து, என்னதான் ஆயிற்று என்று கேட்டார். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய், தூங்குகிறாய் என்று நினைத்தேன். "கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டான்" என்று சொன்னேன். நீ தூங்கவில்லை. அன்று சாயந்தரம் முதல் வார்த்தையாக நீ என்னிடம் கேட்டது, "நான் பயந்ததாலதானேம்மா கெட்டுச்சு?" என்பது. இல்லையப்பா, நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன். விழுந்ததில் அந்த ஒரு வாரமே உன் நினைவிலிருந்து போய்விட்டிருந்தது. மாத்திரை நிறுத்தியதும், பஸ்ஸில் பேசியதும் உனக்கு எதுவும் தெரியவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் நீ காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தாய். "இன்று மாத்திரை இல்லை. அம்மா சொன்னார்கள்" என்று. வீட்டுக்கு வந்ததும் நான் அந்தத் தாளை உன் காலண்டர் தாள் கட்டிலிருந்து உருவி எடுத்துவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை. என் தகரப் பெட்டியில் அப்பாவின் போட்டோவுக்குக் கீழே இருக்கிறது. மலரை எடுத்துத் தரச் சொல். உன் கையெழுத்துதான்.

நான் டாக்டரிடம் சொன்ன பொய் அதோடு முடியவில்லை. மாத்திரை சாப்பிட்டும் வந்துவிட்டது என்று அவர் எழுதி அனுப்ப, தஞ்சாவூரில் அளவைக் கூட்டினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் சொன்னதை வைத்துத்தான் செய்தார்கள். அந்தக் கூடுதல் மாத்திரையில் நீ நடப்பதே தண்ணீருக்குள் நடப்பது போல் ஆயிற்று. கை நடுங்கியது, பேச்சு குழறியது. ஒன்பதாவதில் முழுப் பரீட்சையில் மூன்று பாடத்தில் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாய். அதற்கு மேல் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து மாத்திரையை மாற்றினார்கள், நீ தேறினாய். பள்ளிக்கூடம் போனது போனதுதான். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று நீ மலரிடம் சொல்லிச் சிரிப்பாயே, அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். படிப்பு ஏறாமல் இல்லை. உன் படிப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

இனி நீ மறந்துபோன இன்னொரு நாளைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து விசாரணை மறுபடி நடந்தது. அந்த மாத்திரை மயக்கத்தில் உனக்கு அது சரியாகப் பதியவில்லை என்று எனக்குத் தெரியும். ஏதோ கையெழுத்துப் போட்டோம், கிடைத்துவிட்டது என்றுதான் நீ சொல்வாய். ஊர்க்காரர்களும் நீ விழுந்ததைத்தான் பேசினார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

இந்தத் தடவை ஒரு வேளை மாத்திரைகூட விடாமல் கூட்டிப்போனேன். போகும்போது நீ வாயே திறக்கவில்லை. அதே தாழ்வாரம், அதே ஜனம். எல்லோரும் உன்னையே பார்த்தார்கள், எப்போது விழுவாய் என்று. பெயரைக் கூப்பிட்டதும் நீ நடந்து உள்ளே போய் மேஜை முன்னால் நின்றாய். தாசில்தார், "உங்க வயலுக்குத் தண்ணி எங்கேருந்து வருது, எங்க வடியுது?" என்று கேட்டார். நீ பேசவில்லை. ரொம்ப நேரம் பேசவில்லை. காரியக்காரர் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை, "வாய்க்கால்லேருந்துங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். தாசில்தார் கையை உயர்த்தினார். "அவரு சொல்லட்டும்மா. நீங்க முந்தாதீங்க. எனக்கு அவசரம் இல்ல" என்றார். உன்னை அவர் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் சுவரோரம் நகர்ந்து நின்றேன். நீ மெதுவாக, "ஒரு தாள் வேணுங்க" என்று கேட்டாய். கொடுத்தார். நடுங்குகிற கையால் கோடு போட்டாய். வாய்க்கால், மடை, ஏழு மாவும் எப்படிச் சரிந்திருக்கிறது, வடிகால். பிறகு தெற்கு மூலையில் ஒரு வட்டம் போட்டாய். "இங்க பள்ளம். தண்ணி தேங்கி நாத்து அழுகிடும். போன சம்பாவுல இந்த எடத்துல மட்டும் ரெண்டு தரம் நட்டேன்" என்றாய். குழறிக்குழறித்தான் சொன்னாய், ஆனால் முழுதாகச் சொன்னாய். தாசில்தார் காரியக்காரர் பக்கம் திரும்பி, "எந்த மூலையில மறுநடவு ஆச்சு, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவர், அதெல்லாம் ஆட்கள் பார்ப்பது என்று இழுத்தார். "அந்த ஆளைத்தான் நான் இப்ப விசாரிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் தாசில்தார். மறுவாரம் ரெவின்யூ ஆள் வயலுக்கு வந்து, உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாகப் பார்த்துவிட்டுப் போனார். பள்ளம் நீ வட்டம் போட்ட இடத்தில்தான் இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறியது.

அந்த ஏழு மாவை வாங்கித் தந்தது சட்டம் மட்டும் இல்லை, நானும் இல்லை. அரைத் தூக்கத்தில், நடுங்குகிற கையோடு, முன்னால் விழுந்த அதே இடத்தில், பார்த்துக்கொண்டிருந்த அதே ஜனத்துக்கு நடுவில் நின்று பேசிய பதினைந்து வயதுப் பையன். கூட்டத்தைப் பார்த்துப் பயந்தவன் என்று அவனுக்கு நான் ஒரு பெயர் வைத்தேன். நீ அந்தப் பெயரை வாழ்நாள் முழுக்கச் சுமந்தாய். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதுகூட என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கூட்டுறவுச் சங்கத்தில் நிற்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றாய். உன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் மலரை அனுப்பினாய். நோயை மலரிடம் பெண் பார்க்கப் போன அன்றே சொன்னவன் நீ. அவ்வளவு தைரியம் இருந்தது. என்னிடம் அதில் பாதி இருந்திருந்தால் உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே இதை உன்னிடம் சொல்லியிருப்பேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மேலத்தெருவில் ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு இப்போது வலிப்பு வருகிறது என்றும், டீச்சர் அதை மக்கு என்று சொல்லிப் பின் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார் என்றும் மலர் எழுதியிருக்கிறாள். மலர் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் வாசித்துக் காட்டட்டும். கணுக்காலுக்கு நான் செய்ததையும் விடாமல் வாசிக்கட்டும். குழந்தையின் கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று சொல்லட்டும். மாத்திரையால் பிள்ளை மந்தமாகிறது என்று தோன்றினால் டாக்டரிடம் போய்ச் சண்டை போடட்டும், தானாக நிறுத்த வேண்டாம். பிள்ளை பதில் சொல்லும் வரை காத்திருக்கட்டும். கோபத்தில் எறிந்தால் அடிக்காமல், பிறகு பக்கத்தில் உட்காரட்டும். டீச்சரிடம் நீ போ. நீயே அந்த பெஞ்சில் உட்கார்ந்தவன், உனக்குத்தான் சொல்லத் தெரியும்.

இனி வியாழக்கிழமை விசாரணையைப் பற்றி. உனக்கு வலிப்பு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வராது என்று நான் சத்தியம் செய்து கொடுக்க முடியாது, டாக்டரும் செய்யமாட்டார். வந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் உன்னை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், நீ எழுந்து முகம் கழுவிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேசுவாய். அதனால் பதினொரு வீட்டுச் சோறு கெட்டுப்போகாது. புதன்கிழமை இரவு சீக்கிரம் படு. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் மலர் முன்னால் போடு. காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே. காலண்டர் கட்டுகளைப் பையில் போட்டுக்கொள். ஆர்.டி.ஓ. கேட்பதற்கு உடனே பதில் வரவில்லை என்றால், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசி. அவர்கள் காத்திருக்கட்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதை அத்தான் கையில் கொடுத்து அனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அது உன் இஷ்டம், நான் கேட்டு வாங்கக் கூடாது. உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். மாயவரத்துக்கு வா, எதிரில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கட்டுப் போட்ட காலோடு எங்கும் எழுந்து போகாமல் கேட்கிறேன். ஆனால் வியாழக்கிழமை பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை வா.

அம்மா